எடுத்துக்காட்டில் ஒரு பெண்மணி

இந்தக் கதை எனக்குக் கைமாறி வந்தது. குமுதாவை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் வரிசையில். கதையைச் சொன்னவள், அது நடந்த கருத்தரங்கத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெனடிக்டா, குமுதாவின் விடுதி அறைத்தோழி. குமுதா அவளிடம் கொட்டியதை அவள் என்னிடம் கொட்டினாள். நான் அதைப் பல நாள் மனதில் போட்டு உருட்டிவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். ஆகவே குமுதாவின் கோபத்தோடு என் கோபமும் எங்கேயாவது கலந்திருக்கும். கலக்காமல் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

காலை பதினொன்று பத்துக்கு மேடையில் பேராசிரியர் வைத்தியலிங்கம் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டார். பின்னால் கட்டியிருந்த பதாகையில் அவருடைய படமும் ஒரு தாமரையும் 'ஆதி பௌத்தத்தில் பற்றறுத்தல், பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்ற எழுத்துகளும் இருந்தன. பன்னாட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து முதல் வரிசையில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். நான்காவது வரிசையில் இருந்த குமுதாவுக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். அவளுடைய ஆய்வுச் சுருக்கம் ஐயாவின் பையில் இருக்கிறது. ஐயா என்றால் மேடையில் நிற்கிறவர்தான், அவளுடைய நெறியாளர். ஆறு ஆண்டுக் கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் அவர் கையெழுத்தோடு சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போகாவிட்டால் பதிவு ரத்து, ஆறு ஆண்டும் போச்சு. ரயிலில் வரும்போது இரண்டு தடவை கேட்டாள். உரை முடியட்டும்மா, சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுத் தருகிறேன் என்றார். ஆகவே சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அழைப்பிதழைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று பதினைந்து. அவையோர்க்கு வணக்கம் என்றார் ஐயா. அது அவருடைய வாக்கியம். அடுத்து, விடுதல் என்பது ஒரு செயல் அல்ல, ஒரு செயலை நிறுத்துவது என்றார். அது அவளுடையது.

முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. நம் குரலையே பதிவு செய்து கேட்டால் வேறு யாரோ பேசுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. நன்றாகச் சொல்கிறாரே என்றுகூட ஒரு நொடி நினைத்தாள், அந்த ஒரு நொடிக்காகப் பிறகு நெடுநேரம் தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த வாக்கியம் வந்தது. அதற்கடுத்தது வந்தது. எல்லாம் அதே வரிசையில், ஒன்றைத் தாண்டி ஒன்று போகாமல். அந்த முதல் வரிக்கு ஒன்பது நாள் ஆயிற்று. விடுதி மொட்டைமாடியில் துணி காயும் கயிறுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்து, பாலிச் சொல்லைச் செல்பேசியில் எழுத்துக்கூட்டி வாசித்து, இது சரியில்லை இது சரியில்லை என்று அடித்து அடித்து, ஒன்பதாம் நாள் ஈரப் பாவாடை ஒன்று முகத்தில் அறைந்தபோது வந்த வரி. ஐந்து மாதமாக அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அவரிடம் இருந்தது. படிக்கிறேம்மா, மேசை மேலதான் இருக்கு என்பார். போன மாதம் அழைத்து, கருத்தரங்கத்தில் பேச மூன்று பக்கம் குறிப்பு வேண்டும் என்றார். அந்தத் துறையில் அது வழக்கம். நெறியாளர் பேசுவதை ஆய்வாளர் எழுதிக் கொடுப்பார். அதில் யாருக்கும் கூச்சமில்லை, மாலை வாங்கி வருவது போல அதுவும் ஒரு வேலை. மூத்த ஆய்வாளர்கள் இவளுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தார்கள், கேட்டது மூணு பக்கம்னா மூணே பக்கம் குடு, அதுவும் ஏதாவது பழைய கட்டுரையிலேர்ந்து எடுத்துக் குடு என்று. இவள் அந்த இயலின் முப்பத்து நான்கு பக்கத்தையும் அனுப்பினாள். இப்படியாவது படிப்பாரே, படித்தால் பிழை திருத்துவாரே என்ற நப்பாசை. நப்பாசை என்ற சொல்லுக்கு வேட்கையில் எத்தனையாவது இடம் என்று அந்த இயலில் ஒரு அடிக்குறிப்பே இருக்கிறது. பெனடிக்டா குனிந்து காதருகே வந்தாள். கமாவக்கூட விடாம படிக்கிறாருடி, நீ கமா போட்ட எடத்துல மூச்சு வாங்குறாரு பாரு. குமுதா பார்த்தாள். உண்மைதான். அவளுடைய மூச்சைத்தான் அவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

அது என்னுடையது. இந்த நினைப்பு எழுந்து நிற்கவில்லை, அதற்குள் இன்னொன்று அதன் காலை வாரியது. 'எனது' என்ற சொல் வாய்க்கு வருமுன்பே கை மூடிக்கொள்கிறது என்று பதினோராம் பக்கத்தில் எழுதியவள் யார்? துயரப்படுகிறவன் எதற்காகத் துயரப்படுகிறான், தன்னுடையது என்று பிடித்ததற்காக. பிடித்தது நிலமாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம், ஒரு கருத்தாகவும் இருக்கலாம். கருத்தைப் பிடிப்பவன்தான் மிக இறுக்கமாகப் பிடிக்கிறான், ஏனென்றால் அதைப் பிடித்திருப்பதே அவனுக்குத் தெரிவதில்லை. இதை எழுதியது யார்? நான்தான். நான் என்றால்? பார், மறுபடியும். அவள் தன் கையைப் பார்த்தாள். பதிவுக் கட்டணத்துக்குக் கொடுத்த கோப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள், யாரோ பிடுங்க வருவது போல. கோப்பில் ஒரு பேனாவும் நான்கு வெள்ளைத் தாளும்தான் இருந்தன. கீழே வைத்தாள். வைத்ததும் கோபம் இரட்டித்தது. எப்படிப்பட்ட திருட்டு இது. நகையைத் திருடினால் ஐயோ என் நகை என்று கத்தலாம், தெருவே ஓடி வரும். இதற்குக் கத்தினால், என்னம்மா, பற்றறுத்தல் பற்றிப் படித்தவள் நீ, உனக்கே பற்று போகவில்லையா என்று கேட்பார்கள். இயலைத் திருடியவன் அந்த இயலையே வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போகிறான். ஐயா அப்போது பதினோராம் பக்கத்துக்கு வந்திருந்தார். கையை உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாக மூடிக் காட்டி, மூடிக்கொள்கிறது என்றார். முன்வரிசையில் ஒருவர் ஆகா என்றார். விரலை மூடிக் காட்ட வேண்டும் என்று அவள் எழுதவில்லை. அது மட்டும் அவருடைய பங்கு.

விடு. இந்தச் சொல்லைத்தான் அவள் ஆறு ஆண்டாகப் படிக்கிறாள், ஆனால் கேட்கத் தொடங்கியது அதற்கு முன்பே. பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தவர் குடியரசு நாளில் கொடியேற்றுவது வழக்கம். அவள் முதலாவதாக வந்த வருடம் மட்டும் யாரோ பிரமுகர் வந்து ஏற்றினார். விடும்மா, பெரிய மனுஷன் என்றார் தலைமையாசிரியர். தண்ணீர் லாரி மேல்தெருவோடு திரும்பிப் போனால், விடு, நாளைக்கு வரும் என்றார்கள். கல்லூரியில் முதல் நாள், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ஒருத்தி, எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தாள். விடுடி, அவ அப்படித்தான் என்றாள் இன்னொருத்தி. அம்மா வேலைக்குப் போகிற பஸ்ஸில், கம்பெனியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், விடு விடு விடு. விடச் சொல்கிறவன் ஒருநாளும் எதையும் விட்டதில்லை. அரண்மனையை விட்டவர் சொன்னார் என்றால் அவருக்கு விட அரண்மனை இருந்தது. எங்களிடம் என்ன இருக்கிறது என்று எல்லோரும் எங்களையே விடச் சொல்கிறீர்கள்? முப்பத்து நான்கு பக்கம் இருந்தது, இதோ அதையும் மேடையில் வைத்தாயிற்று. இந்த இடத்தில் அவளுடைய கோபம் ஐயாவைத் தாண்டி, பதாகையில் இருந்த தாமரையைத் தாண்டி, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் வரைக்கும் போய்விட்டது. நீயும்தானா என்று கேட்டுவிட்டது.

கேட்ட மறுகணமே அவளுக்குக் கூசியது. அவள் ஒழுங்காகப் படித்தவள். கோபம் வந்தாலும் மேற்கோளைத் திரிக்க மாட்டாள். அவள் ஆய்வு செய்கிற அந்தப் பாலிப் பழம்பாடல்கள் பறிகொடுத்தவனைப் பார்த்து விடு என்று சொல்லவே இல்லை. அதை அவளே இருபத்தோராம் பக்கத்தில் காட்டியிருக்கிறாள், ஒவ்வொரு பாடலாக எடுத்து, யாரை முன்னிறுத்திச் சொல்லப்பட்டது என்று. பெரும்பாலும் அந்தப் பாடல்கள் வாதச் சபைகளில் சொல்லப்பட்டவை. வாதம் செய்ய வந்தவர்களிடம், நான் சொல்வதே மெய், மற்றவன் மூடன் என்று மார்தட்டியவர்களிடம், கூட்டத்தின் கைதட்டலுக்காக வீடு வீடாகக் கொள்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களிடம். இவ்வளவு குளிரூட்டிய ஓர் அரங்கம், இவ்வளவு உயரமான ஒரு மேடை, பொன்னாடை வாங்கிக்கொண்டு பேசுகிற ஒருவர். இவரைப் போன்றவரிடம்தான் அது சொல்லப்பட்டது. இவரே அதை வாசிக்கிறார். தன்னைக் கைது செய்ய வந்த ஆணையை வாழ்த்து மடல் என்று நினைத்து வாசிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது தொண்டையைத் தாண்டவில்லை, ஏனென்றால் அதற்குள் கையெழுத்து நினைவுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு நாள். மேடைக்குப் பக்கத்து நாற்காலியில் அவருடைய பை இருந்தது, வாய் திறந்து. உள்ளே நீல நிறக் கோப்பின் முனை தெரிந்தது. விட்டுவிடு குமுதா. இது பாலி இல்லை, இது தமிழ். பல்லைக் கடித்துக்கொண்டு இரு, ஒன்று பதினைந்து வரைக்கும். கையெழுத்து வாங்கு, பட்டம் வாங்கு, வேலை வாங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு என்பது எப்போது? பிறகு நானும் ஒரு மேடையில் நின்று யாரோ ஒரு பெண்ணின் மூச்சை வாங்கிக்கொண்டிருப்பேன், அப்போதா?

அப்போதுதான் அது வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும், பக்கம் இருபத்தாறு. ஆனாலும் அதை விட்டுவிடுவார் என்று நம்பியிருந்தாள், அது மேடைக்கு ஏற்றதில்லை என்று நினைப்பார் என்று. பற்றை எப்படி விடுவது, பிடுங்கியா என்ற இடம். ஐயா குரலைத் தாழ்த்தினார். தாளிலிருந்து கண்ணை எடுத்தார். ஆம்பூர்ப் பக்கம் நான் ஒருமுறை போயிருந்தபோது, தோல் காலணித் தொழிற்சாலையில் பசை தடவும் வேலை செய்கிற ஒரு பெண்மணியைப் பார்த்தேன் என்றார். மாலையில் அவருடைய விரல்களில் பசை ஒட்டியிருக்கும். அதை அவர் உரிப்பதில்லை. உரித்தால் தோலும் சேர்ந்து வரும். காயவிட்டு, விரலோடு விரலை மெல்லத் தேய்ப்பார், பசை தானாக உருண்டு வந்துவிடும். கருத்துகளை விடுவதும் அப்படித்தான் என்று அந்தப் பழம்பாடல்கள் சொல்கின்றன என்றார். அரங்கம் உச்சுக்கொட்டியது, பிறகு கைதட்டியது. அம்மாவுக்கு யாரும் இதுவரை கைதட்டியதில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, காலைப் பரப்பி, புடவை முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பிப்பாள். ஏழு வயதுக் குமுதா அவசரப்பட்டு ஒரு பக்கம் பிடித்து இழுப்பாள். உரிக்காத, தோலும் சேந்து வந்துரும், காயட்டும் இரு என்பாள் அம்மா. கறுப்புக் கறுப்பாக உருண்டைகள் மடியில் விழும். குமுதா அவற்றைச் சேர்த்து ஒரு டப்பாவில் வைத்திருந்தாள், ஏன் என்று இப்போதும் தெரியாது. அம்மாவிடம் சோற்று வாசனைக்கு முன்னால் பசை வாசனைதான் வரும், தலை வலிக்கிற வாசனை, அணைத்துக்கொண்டால் கண் கரிக்கும். பார்த்தாராம். எங்கே பார்த்தார்? எங்கள் தெருவுக்குள் வந்தாரா? எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தாரா? தண்ணீர் கொடுத்தால் குடித்திருப்பாரா? இயலை எடுத்துக்கொள். வரியை எடுத்துக்கொள், கமாவை எடுத்துக்கொள். எங்கள் அம்மாவை எடுத்து, பேரைக் கழற்றிவிட்டு, ஒரு பெண்மணி என்று—

இங்கே அவளுடைய நினைப்பு முள்ளில் மாட்டிய துணி போல நின்றது. ஒரு பெண்மணி. அந்தச் சொல் ஐயாவுடையது இல்லை. ஆம்பூர்ப் பக்கம் போயிருந்தேன் என்பதுதான் அவருடைய பொய். ஒரு பெண்மணி என்பது இவளுடையது. முதல் படியில் 'என் அம்மா கோட்டீஸ்வரி' என்றுதான் இருந்தது. இரண்டாம் படியில் 'என் தாயார்' என்று ஆயிற்று. மூன்றாம் படியில் 'ஒரு பெண்மணி'. யாரும் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஆய்வேட்டில் உணர்ச்சி கூடாது என்று இவளே முடிவு செய்துகொண்டாள். இல்லை, அது பொய், குமுதா, ஒழுங்காகச் சொல். அம்மா என்று எழுதி, ஷூ கம்பெனி என்று எழுதி, ஆம்பூர் என்றும் எழுதினால், வாசிக்கிற புறத்தேர்வாளர் மூன்றையும் கூட்டி எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம். அதோடு கோட்டீஸ்வரி என்ற பேர். பசை வாளிக்கு முன்னால் நிற்கிறவளுக்குக் கோட்டீஸ்வரி என்று பேர் வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கம்பெனியில் சூப்பர்வைசர் தினமும் சிரிப்பார். இன்னாம்மா கோட்டீஸ்வரி, காரு இன்னிக்கு லேட்டா என்று கேட்பார், அம்மா பஸ் தாமதமாகி ஓடி வரும்போது. ஆமா சார், டிரைவர் லீவு என்பாள் அம்மா. அவளுக்குத் தன் பேரைப் பற்றி ஒரு கூச்சமும் இருந்ததில்லை. கூசியது மகள். அவர் அம்மாவின் பேரைக் கழற்றவில்லை. கழற்றி வைத்திருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார். உரித்தது நான்தான். தோலும் சேர்ந்துதான் வந்திருக்கிறது, எனக்கு வலிக்கவில்லை, ஏனென்றால் அது என் தோல் இல்லை. கோபம் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அது இவ்வளவு நேரம் மேடையைப் பார்த்து எரிந்தது, இப்போது இரண்டு பக்கமும் எரிந்தது. அது என்னுடையது என்று எழுந்து சொல்ல முடியாமல் இத்தனை நேரம் தவித்தாளே, இப்போது சொல்ல வேறு ஒன்று கிடைத்துவிட்டது. அதை என்னுடையது என்று சொல்ல எந்தப் பாடலும் தடை செய்யவில்லை. தப்பு என்னுடையது.

உரை முடிந்து கைதட்டல் ஓய்ந்தது. ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கேள்விக்கு நேரம் இருக்கிறது என்றார். ஒருவர் எழுந்து கேள்வி கேட்காமல் ஐயாவைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தார். குமுதா கையைத் தூக்கினாள். பெனடிக்டா அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். கையெழுத்து வாங்கிட்டுக் கேளுடி லூசு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. அதற்குள் ஒலிவாங்கி வந்துவிட்டது. மேடையிலிருந்து ஐயா, என் மாணவி, கேளும்மா என்றார், பெருமையாக.

"ஐயா, அந்தப் பெண்மணிக்குப் பேர் இருக்கு."

ஐயா சிரித்தார். "பேரை விடும்மா. பேரும் ஒரு பற்றுதானே?"

அரங்கம் சிரித்தது. சிரித்து முடியட்டும் என்று அவள் நின்றாள்.

"விட்டது நான்தாங்கய்யா. எழுதும்போது நான்தான் எடுத்துட்டேன். அவங்க பேர் கோட்டீஸ்வரி. எங்க அம்மா. இன்னிக்கும் வேலைக்குத்தான் போயிருக்காங்க. மூணாம் இயல்ல பேரை மறுபடி சேர்க்கணும். தப்பு என்னோடது."

பின்வரிசையில் யாரோ கோட்டீஸ்வரி என்ற பேருக்குச் சிரித்தார்கள். அது ஒற்றைச் சிரிப்பாக எழுந்து, துணை கிடைக்காமல் அடங்கியது. ஐயா தாள்களை அடுக்கத் தொடங்கினார், அடுக்கியிருந்த தாள்களையே மறுபடியும். முதல் வரிசையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் மப்ளரை விலக்கிக்கொண்டு மெல்லத் திரும்பினார். அவருக்கு எதுவும் தெரியாது, குறிப்பெடுக்கக் கேட்டார், அவ்வளவுதான்.

"மூண்டாம் இயல் எண்டு சொன்னீங்கள். எதின்ர மூண்டாம் இயல், பிள்ளை?"

"என் ஆய்வேட்டோடதுங்க," என்றாள் குமுதா.

பெரியவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடாமலே மேடையைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் சாப்பாடு தயார் என்று அறிவித்தார். மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. சாம்பார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, இலை போட ஆள் வரவில்லை. எல்லோரும் வெறும் மேசைகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். ஐயா சாப்பிடவில்லை. தலைவலி என்று காரில் ஏறிப் போய்விட்டார், பையோடு. ஊருக்குத் திரும்பும் ரயிலில் குமுதா, வேலூர் தாண்டியதும் அம்மாவை அழைத்து, உன் பேரை இன்னிக்கு மைக்ல சொன்னேன் என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பக்கம் அம்மா, இன்னாத்துக்கு, எதுனா கீழ போட்டுட்டு வந்துட்டியா என்று கேட்டாளாம். பதினோரு நாள் அவள் தூங்கியதாகத் தெரியவில்லை. பதினோராம் நாள் துறை உதவியாளர் ஒரு உறையைக் கொண்டுவந்து விடுதியில் கொடுத்தார். ஆய்வுச் சுருக்கம், கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. கடிதம் இல்லை, ஒரு வரி இல்லை. பயத்தில் போட்டாரா, வெட்கத்தில் போட்டாரா என்று பெனடிக்டாவுக்கும் தெரியவில்லை. குமுதா அன்று மாலையே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பெனடிக்டா சொன்னதில் மிகை இருக்குமோ என்ற சந்தேகத்தில், எட்டு மாதம் கழித்துக் கருத்தரங்கத் தொகுதி நூலகத்துக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தேன். முதல் கட்டுரை, பேராசிரியர் வைத்தியலிங்கம் பெயரில். முதல் வரி அதேதான். கை மூடிக்கொள்ளும் இடமும் இருக்கிறது. பக்கம் பதினெட்டில், 'பற்றைப் பிடுங்காமல் விடுவது எப்படி என்பதைக் கீழ்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்குக் கீழே எடுத்துக்காட்டு இல்லை. அடுத்த பத்தி, 'இதனால் அறியப்படுவது யாதெனில்' என்று தொடங்குகிறது.